லீவு யார் கொடுக்கும் வரம்?

ரிட்டயரான பிறகு எனக்கு எல்லா நாளும் லீவுதான். ஆனாலும் அந்தச் சொல்லின் மேல் இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு அரசாங்கக் குமாஸ்தாவானவன் நான். ஆங்கிலத்தின் 'லீவ்' எனக்குப் பெரிய குழப்பம். புறப்பட்டாலும் லீவ், விட்டுவைத்தாலும் லீவ், விடுமுறையும் லீவ். மரத்து இலையைப் பன்மையில் சொன்னால் அதுவும் லீவ்ஸ்! அகராதியைப் புரட்டிய பிறகுதான் இவை ஒரே சொல் அல்ல என்று தெரிந்தது. புறப்படும் லீவுக்கு வேர் வேறு. 'மீதமிருக்க விடுவது' என்பது அதன் பழைய பொருள். ஆபீஸ் லீவுக்குப் பொருள் 'அனுமதி'.

சொல்லிக்கொள்ளாமல் நழுவுவதை ஆங்கிலேயன் 'பிரெஞ்சு லீவ்' என்பான். பிரெஞ்சுக்காரனோ அதையே 'ஆங்கிலேயன் மாதிரி நழுவுவது' என்பான். பழியை அடுத்தவன் தலையில் போடுவதில் இரண்டு பேரும் ஒன்று.

இதைச் சிரித்துவிட்டு விடலாம். அந்த 'அனுமதி'யைச் சிரித்துவிட்டு விட முடியாது. 1972-ஆம் வருஷத்து மத்திய அரசு விடுப்பு விதிகளில் 7-ஆம் விதி சொல்கிறது: விடுப்பை உரிமையாகக் கோர முடியாது. அதே புத்தகத்தில்தான் 'ஈட்டிய விடுப்பு' என்றும் இருக்கிறது. ஜனவரியில் 15 நாள், ஜூலையில் 15 நாள் கணக்கில் ஏறும். உழைத்து ஈட்டியது, ஆனால் உரிமை இல்லையாம்! சம்பளத்தை இப்படிச் சொல்ல யாருக்காவது துணிச்சல் வருமா?

அந்த விதியை என் கையாலேயே எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். ஒருமுறை, என்னைவிட மூத்தவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், மகளின் பிரசவத்துக்கு லீவு கேட்டார். வருஷக் கடைசி, வேலை மலைபோல் கிடந்தது. விதியைக் காட்டி நான்தான் குறிப்பு எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அண்ணன் சொல்லாமல் போய்விட்டார். திரும்பி வந்தவருக்கு அந்த நாட்கள் 'டைஸ் நான்' ஆயின. சம்பளமும் போயிற்று, சர்வீஸும் போயிற்று. அவர் ரிட்டயராகும்வரை என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

"எல்லாரும் ஒரே நாளில் லீவு போட்டால் ஆபீஸ் என்னாவது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். தேதியை மாற்றச் சொல்லுங்கள், காரணத்தை எழுதிக் கொடுங்கள். உரிமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே இதையெல்லாம் செய்யலாம். பிரெஞ்சில் லீவுக்கு 'கோன்ஜே' என்று பெயர். அதற்கும் பழைய பொருள் அனுமதிதான். ஆனால் 1936-இல் அங்கே சட்டம் போட்டு, சம்பளத்தோடு 2 வாரம் லீவு தொழிலாளியின் உரிமை என்றாக்கினார்கள். சொல் அப்படியே இருந்தது, பொருள் மாறியது. நாம்தான் பழைய பொருளை விதிப் புத்தகத்தில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம்.

தமிழில் விடுப்பு என்கிறோம். விடுதலைக்கும் அதே 'விடு'தான் வேர். வேலைக்குப் போகும் பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: லீவு கேட்கும்போது தலையைச் சொறிந்துகொண்டு நிற்காதே. நீ சம்பாதித்ததைத்தான் கேட்கிறாய்.

அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.