முதியோர் வாக்கும் சாட்சியே

கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது தென்பெண்ணையில் நுரை மலைபோல் பொங்குகிறது. நந்தி மலையில் தெளிவாகப் பிறக்கும் ஆறு, பெங்களூருவின் கழிவைச் சுமந்துகொண்டு நம்மிடம் வருகிறது. நுரையைப் படம் எடுக்க வருகிறவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் இறங்கிக் களை எடுப்பவர்களைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு.

ஆறு கெட்ட பிறகு புலம்புகிறோம். காட்டைப் பற்றியாவது முன்கூட்டியே பேசுவோம். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காடு, காவிரி தெற்கு காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் விறகுக்கும் புளிக்கும் மேய்ச்சலுக்கும் காட்டையே நம்பி வாழும் இருளருக்கும் காட்டோரச் சேரி மக்களுக்கும், சரணாலயம் என்ற சொல்லே வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. எல்லைக்கு அப்பால், சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரி ரங்கன் மலை 1974இல் சரணாலயமானது. சோளகர்களின் வேட்டைக்கும் காட்டு வேளாண்மைக்கும் தடை வந்தது. கோடைக்கு முன் அவர்கள் சருகுக்கு இடும் சிறு தீயும் குற்றமாயிற்று. அந்தத் தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களைப் புல்லுருவி தின்றது என்கிறார்கள் சோளகப் பெரியவர்கள்.

அவர்கள் புலம்பலோடு நிற்கவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். 2011இல் அந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் நாட்டிலேயே முதலில் கிடைத்த சமூக உரிமை அது. அரசுக் கணக்கின்படி 2010இல் 35 ஆக இருந்த புலிகள் 2014இல் 68 ஆயின. மனிதர் இருந்தால் புலி இருக்காது என்ற வாதம் அங்கே தோற்றது.

நம் மலைக்கும் அதே சட்டம்தான். சரணாலயத்துக்குள்ளும் அது செல்லும். காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் அது கிராம சபைக்கே தருகிறது. ஆனால் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்க 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடு, 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் விலகியது. நாம் இழந்தது எட்டு ஆண்டுகள்.

தலித் மக்களுக்கு இன்னொரு முள்ளும் உண்டு. பழங்குடி அல்லாதோர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். நிலமே இல்லாதவரிடம் 75 ஆண்டுக் காகிதம் கேட்டால் எங்கே போவார்? பழங்குடிக்கு இல்லாத இந்தச் சுமையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மனு தருபவர் அல்லாத முதியோரின் எழுதப்பட்ட வாக்குமூலமும் சாட்சியே என்கின்றன விதிகள். பழைய சுடுகாடு, கிணறு, கோயில், மேய்ச்சல் தடம் எல்லாம் சாட்சிதான். இரண்டு சாட்சிகள் போதும். சமூக உரிமைக்குப் படிவம் பி, காட்டு வளத்தைக் காக்கும் உரிமைக்குப் படிவம் சி.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு கொண்டு போங்கள். எந்தச் சுனையில் தண்ணீர் குடித்தார்கள், எந்தத் தடத்தில் மாடு ஓட்டினார்கள் என்று பாட்டி சொல்லச் சொல்ல எழுதி, அவர் கைநாட்டைப் பெற்றுக் கிராம சபையில் வையுங்கள். முதியோர் போய்விட்டால் சாட்சியும் போய்விடும்.