முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மன அழுத்தத்தைத் தணிக்கும் பூங்கா என்று எந்தத் திட்ட அறிக்கை வந்தாலும் அதில் ரோஜர் உல்ரிச் வந்துவிடுவார். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேரையும் செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரையும் ஒப்பிட்டு 1984-ல் அவர் வெளியிட்ட ஆய்வு அது. மரம் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நல்ல ஆய்வுதான். ஆனால் பெஞ்சை எங்கே போடுவது என்று அது சொல்லாது.

அதற்கு ஸ்வீடனின் ஆல்னார்ப் பக்கம் போக வேண்டும். அங்கே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 2002 முதல் இயங்கிய மறுவாழ்வுத் தோட்டத்துக்கு, வேலைப்பளுவால் முடங்கிப்போனவர்கள் வந்தார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பாட்ரிக் கிரான், உல்ரிக்கா ஸ்டிக்ஸ்டாட்டருடன் 2010-ல் எழுதிய கட்டுரையில், பசுமை வெளிகளில் மக்கள் உணரும் பண்புகளை எட்டாக வகுத்தார். அழுத்தத்தில் இருப்பவர்கள் முக்கியமாக நாடுவது ஒதுங்கிடத்தை. இயற்கையின் போக்கும் பலவகைச் செடி, பறவை, பூச்சிகளும் உடன் வேண்டும். கூட்டம் கூடும் இடம் வேண்டாம். நாமோ பூங்கா என்றதும் அந்த வேண்டாததைத்தான் முதலில் வரைகிறோம்: நடுவில் நீரூற்று, சுற்றி நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், போதாததற்கு ஒலிபெருக்கி.

ஒதுங்கிடம் வரைந்தால், மறைவிடமாகிவிடும் என்று பராமரிப்புத் துறை அடித்துவிடுகிறது. அந்த அச்சத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. தனியாக வரும் பெண்ணுக்கும் அதே அச்சம்தான். தீர்வு வேலியின் உயரத்தில் இருக்கிறது. பெஞ்சுக்குப் பின்னாலும் பக்கங்களிலும் மூன்றடி நந்தியாவட்டை இருந்தால், உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குக் காப்பு. அவர் தலை காவலாளிக்குத் தெரியும். மேலே புங்கை நிழல், முன்னே திறந்த பார்வை, வெளியேற இரண்டு வழி. ஐந்தடிக்கு வளரவிட்டால் துறை சொன்னதே சரியாகிவிடும். ஆகவே கத்தரிக்கும் உயரத்தை வரைபடத்தில் குறித்தால் போதாது, பராமரிப்பு ஒப்பந்தத்திலும் எழுதவேண்டும்.

பெஞ்சும் அப்படித்தான். பராமரிப்புச் செலவில்லை என்று சாய்மானமற்ற கருங்கல் பலகைகளைப் போடுகிறோம். களைத்தவர் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். சாய்மானமுள்ள மர பெஞ்சுக்கு மதிப்பீட்டில் ஒரு வரி சேர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. நண்பகலில் பூங்காவைப் பூட்டுவதும் பூட்டாததும் நம் அதிகாரத்தில் இல்லை. திறந்து வைக்கும்படி ஒப்படைப்பு ஆவணத்தில் பரிந்துரைக்க யாரும் தடை போடவில்லை.