சிவப்பு விளக்கு எரிந்தால் ஆயில் ஊற்றினால் போதுமா?

கார் டேஷ்போர்டில் இருக்கும் விளக்குகளிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அந்தச் சிவப்பு ஆயில் விளக்குதான். நீண்ட மூக்குள்ள ஒரு எண்ணெய்க் கேன், நுனியில் ஒரு சொட்டு. பார்ப்பதற்கு அலாவுதீனின் விளக்கு மாதிரியே இருக்கும். ஆனால் இதை அலட்சியம் செய்தால் கிளம்பி வருவது பூதம் அல்ல, ஒர்க்‌ஷாப் பில்!

விளக்கு எரிந்ததும் பலர் செய்வது இரண்டில் ஒன்று. "ஆயில் குறைஞ்சிருக்கும், அடுத்த பங்க்ல ஒரு லிட்டர் ஊத்திக்கலாம்" என்று ஓட்டிக்கொண்டே போவார்கள். அல்லது "சென்சார் கோளாறுதான் சார், பயப்படாதீங்க" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வாரம் தள்ளுவார்கள். இரண்டுமே தப்பு. அது ஆயிலின் அளவைக் காட்டும் விளக்கே இல்லை, அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. அளவுக்கென்று சில கார்களில் மஞ்சள் நிறத்தில் தனி விளக்கு உண்டு.

அளவுக்கும் அழுத்தத்துக்கும் என்ன வித்தியாசம்? வீட்டில் கீழே சம்ப் நிறையத் தண்ணீர் இருக்கும். ஆனால் மோட்டார் ஓடாவிட்டால் மாடிக் குழாயில் காற்றுதான் வரும், இல்லையா? காரிலும் அப்படித்தான், பெயர்கூட அதே சம்ப்தான். இஞ்சினுக்கு அடியில் இருக்கும் சம்பிலிருந்து ஆயில் பம்ப், ஒரு சல்லடை வழியாக ஆயிலை உறிஞ்சி, ஃபில்டருக்குள் செலுத்தி, கிராங்க் பேரிங்குகள் வரை தள்ளுகிறது. கிராங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவது நடுவில் இருக்கும் அந்த மெல்லிய ஆயில் படலத்தால்தான். அழுத்தம் போனால் படலம் போகும், உலோகமும் உலோகமும் உரசும். அதற்குப் பிறகு கணக்கு மணியில் இல்லை, நிமிடத்தில். சில சமயம் அதுகூட இல்லை.

இன்னொரு விஷயம். பல கார்களில் அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கினால்தான் இந்த விளக்கு எரியும். சூடான நல்ல இஞ்சினில் 2000 ஆர்பிஎம்மில் பொதுவாக 2 பாருக்கு மேல் இருக்கும். அதாவது இது முதல் மணி அல்ல, கடைசி மணி. அதனால் ஓரமாக நிறுத்தி உடனே இஞ்சினை அணைப்பது ஒன்றுதான் சரி. "ஒர்க்‌ஷாப் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டிப் போவதைவிட, டோ வண்டிக்குக் கொடுக்கும் காசு மிகச் சிறியது.

அடுத்து டிப்ஸ்டிக். சமதளத்தில் சில நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். அளவு குறைவென்றால் சரியான கிரேடு ஆயிலை ஊற்றலாம். ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைந்துவிட்டாலும், அந்த ஆயில் எங்கே போனது என்று தேடியாக வேண்டும். அடியில் ஒழுகுகிறதா, புகைக்குழாயில் நீலப்புகை வருகிறதா? டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் அல்லது டீசல் வாடை அடித்து அளவும் ஏறியிருந்தால், எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்திருக்கிறது. பால் விட்ட காபி நிறம் என்றால் கூலன்ட் கலந்திருக்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறதா? வண்டியை மறுபடி ஓட்டவே கூடாது.

இங்கேதான் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது: "கேஜ் வச்சுப் பாத்தீங்களா?" பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கேஜை மாட்டி, ஐடிலிலும் ரேஸ் கொடுத்தும் அழுத்தத்தைப் படிக்க வேண்டும். முள் எழும்பவே இல்லையென்றால் உடனே அணைத்துவிட வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தால் கோளாறு ஸ்விட்சிலோ ஒயரிலோ, சின்னச் செலவு. குறைவென்றால் ஃபில்டர், சம்பைக் கழற்றி சல்லடை, ரிலீஃப் வால்வு, பம்ப் என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில்தான் பேரிங். உயரமான ஸ்பீட் பிரேக்கரில் அடிபட்டு சம்ப் உள்ளே நசுங்கினால், ஆயில் நிறைய இருந்தும் சல்லடை வாய் அடைபட்டுவிடும். இதற்குப் போய் இஞ்சினை இறக்குவது எவ்வளவு அநியாயம்!

பழைய வண்டிகளில் ஸ்விட்ச் கெட்டுப்போவது சகஜம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஸ்விட்ச் கெட்டாலும் அதே விளக்கு, பம்ப் செத்தாலும் அதே விளக்கு. அளக்காமல் எப்படித் தெரியும்? ஆயில் நிறைந்திருந்தும் அழுத்தம் போகும் என்பதற்கு ஃபோர்டு நிறுவனத்தின் 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இஞ்சினே சாட்சி. ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் பழுதாகி அழுத்தம் போய்விடலாம் என்று, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபோகஸ், ஈக்கோஸ்போர்ட் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் விற்ற ஈக்கோஸ்போர்ட்கள் சென்னைத் தொழிற்சாலையில் தயாரானவை. ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி இதைச் சரிசெய்ய முடியுமா?

இதைவிட மோசம், தேய்ந்த இஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்து அனுப்புவது. அது வைத்தியம் இல்லை, காய்ச்சல்காரர் கையிலிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்குவது. பழைய கார் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் சில நொடியில் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் ஏன் என்று விற்பவரிடம் கேட்டே தீர வேண்டும்.

கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுபவருக்கு இஞ்சின் சீஸ் ஆனால் செலவோடு முடியாது. வண்டி நிற்கும் நாள் முழுக்க வருமானமும் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. ரிவர்ஸ் எடுக்கவும் கியர் மாற்றவும் சொல்லித்தரும் டிரைவிங் ஸ்கூல்கள், இந்த ஒரு விளக்குக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் என்ன? சொல்லித்தர வேண்டியது மூன்றே வார்த்தை: நிறுத்து, பார், அள. பார்ட் மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.