பஞ்சுப் பனியும் முழங்கால் வெள்ளமும்



சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தின் படங்களைப் போட்ட நாளிலிருந்து எங்களுக்கு இரண்டு வகையான குறைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று: "குளிர்கால நிகழ்ச்சி எண்டு சொல்லிப்போட்டு ஒரு ஸ்னோமேன் கூட இல்லையே டீச்சர்? மற்ற இடத்துல எவ்வளவு வடிவாச் செய்திருக்காங்க." மற்றது: "இந்த வின்டர் கூத்தெல்லாம் நமக்கு எதுக்கு சேர்? அந்த நேரத்துல ரெண்டு சூறாவைப் பாடமாக்கிக் குடுக்கலாம்தானே?" இன்பொக்ஸில் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டோம். ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். இந்த வட்டத்தைத் தொடங்கிய வருடம் நாங்களும் பஞ்சுதான் ஒட்டினோம். பார்மசியில் பஞ்சுச் சுருள், புத்தகக் கடையில் நீல நிற பிரிஸ்டல் போர்ட், மினுங்கும் தூள், இரண்டு போத்தல் கம். தரம் ஒன்றிலும் இரண்டிலும் 26 பிள்ளைகள். இரண்டு மணித்தியாலத்தில் ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஒட்டுவதிலேயே போய்விட்டது. மிச்சம் 15 நிமிடத்தில் ஒரு கதையை அவசர அவசரமாக வாசித்தோம். பிள்ளைகளின் கையெல்லாம் கம், கதை ஒருவர் காதிலும் ஏறவில்லை. படம் எடுத்தோம், போட்டோம், லைக் குவிந்தது. நீங்களும் "மாஷா அல்லாஹ்" போட்டீர்கள். வாசிப்பு வட்டத்தில் வாசிப்பு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று வெளியே நல்ல மழை. முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வாப்பாமார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்து விட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து, தாங்கள் காணாத ஒரு பனிக்குக் கண்ணும் மூக்கும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கிழமை "குளிர்காலத்தை வரையுங்கள்" என்றோம். 26 பேரில் 23 பேர் ஸ்னோமேன் வரைந்தார்கள். இரண்டு பேர் சிவப்புத் தொப்பியோடு ஒரு தாடிக்காரர். ஒரு மகள் தாளை வெறுமையாகவே தந்தாள். கேட்டால், "பனி வெள்ளைதானே டீச்சர்" என்றாள். (கெட்டிக்காரி.) மழை ஒரு தாளிலும் இல்லை. குடை இல்லை, தவளை இல்லை, தண்ணீர் நின்ற முற்றம் இல்லை. தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பிள்ளைகள் பிழை செய்யவில்லை. நாங்கள் என்ன படிப்பித்தோமோ அதைத்தான் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

நம்முடைய பிள்ளைக்குக் கூதல் என்றால் தெரியும். விடியற்காலையில் போர்வையை இழுத்துப் போர்த்துகிற கூதல், சுபஹுக்கு ஒழுச் செய்யும்போது பல்லைக் கிட்டவைக்கிற கூதல். பழைய தமிழில் இந்தப் பருவத்துக்குக் கூதிர் என்றே பெயர். பனி என்றாலும் தெரியும், புல்லில் காலை வைத்தால் நனைகிறதே, அதுதான் அவர்களுக்குப் பனி. நாங்களோ அந்தச் சொல்லைப் பறித்து ஒரு பஞ்சு உருண்டைக்குக் கொடுத்துவிட்டோம்.

கிழக்கில் இருக்கிற நமக்குக் குளிர்காலம் இல்லையென்று யார் சொன்னது? இருக்கிறது. அதற்குப் பெயர் மாரி. ஒக்டோபரில் இடியோடு தொடங்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. வட்டையெல்லாம் பெரும்போகப் பயிர். வாப்பாமார் போனை எடுத்து முகத்துவாரம் வெட்டியாச்சா என்று விசாரிப்பார்கள், இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் வான் பாயுதா என்று கேட்பார்கள். வீட்டில் பெரியவர்கள் பேசுவது முழுக்கத் தண்ணீரைப் பற்றி. பிள்ளை வந்து உட்காருகிற இடத்தில் மட்டும் பஞ்சு.

இது வெறும் அலங்காரப் பிரச்சினையென்று நினைக்காதீர்கள். நம்முடைய பகுதியின் பெரிய துக்கங்களை எண்ணிப் பாருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளி. 2004 டிசம்பர் 26 கடல் வந்தது. 2024 நவம்பர் 26, மாவடிப்பள்ளியில், உழவு இயந்திரத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனது. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. ஒரு வாசிப்பு வட்டம் யாரையும் காப்பாற்றியிருக்கும் என்று நாங்கள் சொல்லவரவில்லை, அப்படிச் சொல்ல எங்களுக்கு வாயும் வராது. ஆனால் அந்தக் கிழமைக்குப் பிறகு ஒரு பிள்ளையிடம் போய், ஸ்னோமேனின் மூக்குக்குக் கரட் வை என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

அதனால் மாற்றினோம். இப்போது வாசிப்பு முதலில், அரை மணித்தியாலம், கையில் எதுவும் இல்லாமல். ரூம் டு ரீட் வெளியிட்ட தமிழ்ப் புத்தகங்கள் கொஞ்சம் இருக்கின்றன, ஸ்டோரிவீவரில் இலவசமாக எடுத்து அச்சடித்தவை கொஞ்சம். அதன் பிறகுதான் கைவேலை. பழைய கொப்பித்தாள், பத்திரிகை, பால்மாப் பக்கற் மூன்றிலும் தோணி செய்து, எது முதலில் தாழும் என்று வாளியில் விட்டுப் பார்த்தோம். அடி தட்டையான போத்தலை வெட்டி, அடிமட்டத்தை ஒட்டி, மழை அளந்தோம். ஒரு கிழமை போத்தலில் 60 மில்லிமீற்றர் நின்றது. நிலத்தில் சோக்கால் ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் கீறி, அதற்குள் விழுந்த மழை 60 லீற்றர் என்று சொன்னோம். நம்பவில்லை. ஒரு லீற்றர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாக வைத்து எண்ணத் தொடங்கினார்கள், போத்தல் தீர்ந்துவிட்டது. "அப்ப வட்டை முழுக்க எவ்வளவு சேர்?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே ஒரு வருடம் வகுப்பு நடத்தலாம்.

இன்னொன்று, இதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. "மூத்தம்மாவிடம் சூறாவளிக் கதை கேட்டு வாருங்கள்" என்றோம். அடுத்த கிழமை ஒவ்வொருவரும் சொல்ல, நாங்கள் பெரிய எழுத்தில் எழுத, பிள்ளைகள் படம் கீற, ஸ்டேப்ளர் அடித்து 16 பக்கப் புத்தகம். அதற்கடுத்த கிழமை வாசிப்புக்கு அந்தப் புத்தகத்தையே வைத்தோம். எழுத்துக்கூட்டவே தயங்குகிற ஒரு மகன், தன் மூத்தம்மாவின் தென்னை விழுந்த பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தான். கேட்ட கதைதானே, பாதி மனப்பாடம் என்று நீங்கள் சொல்லலாம். அப்படித்தான் எல்லோரும் வாசிக்கத் தொடங்குகிறோம்.

"அப்ப பிள்ளைகளுக்கு உலகம் தெரிய வேணாமா?" என்று கேட்கிறீர்கள். தெரியவேண்டும், உண்மையாகத் தெரியவேண்டும். எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் வெளியிட்ட 'த ஸ்னோவி டே' படப் புத்தகத்தைத் தமிழில் சொன்னோம். அதில் ஒரு சின்னப் பையன் பனி உருண்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போவான், பிறகு பார்த்தால் இருக்காது. கதைக்கு முன்பு பிரிட்ஜில் சுரண்டிய ஐஸை ரெஜிபோம் பெட்டியில் கொண்டுவந்து ஒவ்வொரு கையிலும் வைத்தோம். கத்தினார்கள், சிரித்தார்கள், உருகி முழங்கை வழியே வடிந்தது. அந்தப் பையனின் சட்டைப்பை ஏன் வெறுமையானது என்று நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சு உருகாது. பஞ்சைத் தொட்டால் கூதலும் எடுக்காது.

கடதாசியில் வெட்டுகிற பனித்துகளும் அப்படித்தான். தாளை மூன்று தரம் பாதி பாதியாக மடித்து வெட்டினால் எட்டுக் கை வரும். உண்மையான பனித்துகளுக்கு ஆறு. 1885இல் அமெரிக்காவில் வேர்மொன்ட் என்ற இடத்தில் பென்ட்லி என்ற விவசாயி அதை நுணுக்குக்காட்டி வழியே படம் பிடித்தார். ஒரு தரம் பாதியாக மடித்து, பிறகு மூன்றாக மடியுங்கள், ஆறு வரும். செய்வதென்றால் அதையாவது சரியாகச் செய்வோமே.

உண்மையான பனியின் சேதி வேண்டுமென்றால் தோட்டத்துக்குப் போங்கள். மாலையில் கூவுகிற ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரப் பக்கமிருந்து ஒக்டோபரில் வருகிறது. களப்பில் இறங்குகிற ஊசிவால் வாத்து, வடக்கே தண்ணீர் உறைகிற நாடுகளிலிருந்து வருகிறது. நம்முடைய மாரி அவற்றுக்குப் புகலிடம். இதைக் கேட்ட பிள்ளைகள் அடுத்த நாளே வாத்து எண்ணப் போய்ச் சேற்றோடு வந்து உம்மாமாரிடம் ஏச்சு வாங்கினார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

இனி இரண்டாவது சாராருக்கு. நீங்கள் சொல்கிற ஐந்து வயதுப் பிள்ளை சூரத்துல் குறைஷை அழகாக ஓதுகிறது, அல்ஹம்துலில்லாஹ். அதில் குளிர்காலப் பயணமும் கோடைகாலப் பயணமும் வருகின்றன என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னீர்களா? வணிகக் கூட்டம் ஏன் மாரியில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் போனது? எங்கே கூதல் குறைவு, எங்கே வெயில் குறைவு? நாங்கள் ஒட்டகம் வெட்டி ஒட்டி, சுவரில் இரண்டு பாதை கீறி இதைத்தான் பேசினோம். பருவத்தைப் பற்றிப் பேசுவது மேற்கத்தைய கூத்து என்றால், அந்தச் சூறாவை எப்படி விளங்கப்போகிறீர்கள்?

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு முன்பள்ளியில் வின்டர் கொன்சேர்ட்டுக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் வியர்த்து ஒழுகி நின்ற படத்தைக் கண்டோம். அந்தத் தொப்பியின் விலைக்கு நல்ல புத்தகம் இரண்டு வரும். பெற்றார் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் படம் வடிவாக வந்தது.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணி, வழமையான இடம். வெற்றுப் போத்தல் ஒன்று, பழைய கொப்பி ஒன்று, குடை, வீட்டில் கேட்ட ஒரு மழைக்கதை. கத்தரிக்கோலும் கம்மும் நாங்கள் கொண்டுவருவோம். பஞ்சு வேண்டாம். மழை கூடினால் வட்ஸ்அப் குழுவில் அறிவிப்போம், வெள்ளத்துக்குள்ளால் யாரும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்.