எழுபது வயதுக்கு எத்தனை அடிக் கம்பு?

பிரெஞ்சில் 'கான்' என்று ஒரு சொல் உண்டு. கரும்பும் கான்தான், தூண்டில் கம்பும் கான்தான், கிழவன் ஊன்றுகிற கைத்தடியும் கான்தான். மொந்த்ரேயாலில் ஒரு தூண்டில் கடைக்குள் போய், பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில், "எனக்கு ஒரு கான் வேணும்" என்றேன். கல்லாவில் இருந்த பையன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "அதுக்கு மருந்துக்கடைக்குப் போகணும், மெஸ்யே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். "மஸ்கினோன்ஜே பிடிக்கிற கான்" என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கல்லாவை விட்டு எழுந்து வந்தான்.

இங்கே மாலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கிற நண்பர்களுக்கு இது தெரிந்த கதை. "ரிட்டயர் ஆன குமாஸ்தாவுக்கு முந்நூறு டாலரில் தூண்டில் எதுக்கய்யா? வஞ்சிரம் வேணும்னா மார்க்கெட்டில் வாங்கிக்கலாமே" என்று கேட்காதவர் இல்லை. அதற்குப் பதிலாகவும், என் மாப்பிள்ளைக்குப் பதிலாகவும் இதை எழுதுகிறேன். வயதானவர் கையில் லேசான, சின்னக் கம்பைக் கொடுப்பது தவறு. கனமான இரையை எறிவதாக இருந்தால் எழுபது வயதுக்காரனுக்குத்தான் நீளமான, முரட்டுக் கம்பு வேண்டும். இதுதான் என் கட்சி.

முதலில் மீனைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் மஸ்கி என்பார்கள். மொந்த்ரேயாலைச் சுற்றிப் போகும் சென் லோரான் நதியிலும், அது அகன்று ஏரிபோலக் கிடக்கும் லாக் சென் லூயியிலும் இருக்கிறது. நம்ம ஊர் சீலாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதே நீட்டு உடம்பு, அதே பல். ஆனால் நன்னீரில், நாலு அடிக்கு மேலும் வளரும். நாங்கள் படித்த பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் 'ப்ரோஷே' என்று ஒரு மீன் வரும். என்ன மீன் என்று வகுப்பில் ஒருத்தருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. அதன் பெரிய தம்பிதான் இந்த மஸ்கினோன்ஜே. பெயர் அந்த மண்ணின் பூர்வகுடிகள் வைத்தது.

ஊசுட்டேரியில் மூங்கில் கம்பும் மண்புழுவும் தக்கையுமாகக் கெளுத்தி பிடித்தவன் நான். அங்கே உட்கார்ந்து காத்திருப்போம். மஸ்கிக்குக் காத்திருக்கிற வேலையே இல்லை. பொம்மை இரையை எறிந்து, சுற்றி இழுத்து, மறுபடி எறிய வேண்டும். பத்தாயிரம் எறிதலுக்கு ஒரு மீன் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு இல்லை என்றாலும், ஒரு நாளில் சில நூறு தடவை எறிகிறோம். அந்த இரையோ கையகல ரப்பர் மீன், முழம் நீளக் கட்டை, பெரிய தகடுகள் சுழலும் ரோமக் கொத்து என்று இருக்கும். எடை மூன்று அவுன்சில் தொடங்கி எட்டு, பத்து என்று போகிறது. ஒரு அவுன்ஸ் 28 கிராம். எட்டு அவுன்ஸ் என்றால் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 'பவுண்டர்' என்றே ஒரு ரப்பர் இரை இருக்கிறது, பெயரே எடையைச் சொல்லிவிடும். கால் கிலோ கத்திரிக்காயைப் பையில் போட்டு, காலையிலிருந்து மாலை வரை வீசி எறிவதாக நினைத்துப் பாருங்கள்.

நான் முதலில் வாங்கிய கம்பு என் உத்தியோக புத்தியால் வந்தது. முப்பத்து மூன்று வருஷம் மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்த விலையில் டிக் அடித்த கை இது. ஏழடி, மீடியம் ஹெவி, தள்ளுபடி விலை. கையில் எடுத்தால் இறகு மாதிரி. மாப்பிள்ளையும், "இது போதும் மாமா. கனமானதெல்லாம் உங்க தோளுக்கு ஆகாது" என்றார். அக்கறையில் சொன்னதுதான். அடிப்பிடிக்கு மேலே அது தாங்கும் எடை அச்சிட்டிருந்தது, ஒன்றிலிருந்து மூன்று அவுன்ஸ். ஆபீஸில் அடிக்குறிப்பு விடாமல் படித்த நான் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

தாங்க வேண்டிய எடைக்கு மேல் கட்டினால் என்ன ஆகும்? கம்பு வில்லாக வளைந்து திரும்பி உதைக்க வேண்டும். அந்த உதைதான் இரையைக் கொண்டுபோகிறது. மெலிந்த கம்பு வளைந்தபடியே தொங்கிவிடும், உதைக்கிற வேலை நம் தோளுக்கு வந்து சேரும். நாலு நாளில் வலது தோளைத் தூக்க முடியவில்லை. என் மகள் வென்னீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "இந்த வயசுல தேவையாப்பா?" என்றாள். வயசின் மேல் பழி போட்டுவிட்டு நானும் ஒப்புக்கொண்டேன்.

தோள் வலியோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அந்த ஜூலையில், வெயில் ஏறிய ஒரு மத்தியானம், மீன் மாட்டியது. படகில் நான், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேரன். பெரிய மீனை அதிக நேரம் விளையாட விடக்கூடாது. தண்ணீர் சூடாக இருக்கும்போது அதில் பிராணவாயு குறைவு. போராடக் களைத்த மீன் மீள்வதில்லை. தண்ணீர் 27 டிகிரி பக்கம் ஏறிவிட்டால் மஸ்கி பிடிக்கவே போகக் கூடாது என்று அங்கே அனுபவசாலிகள் தூண்டிலை உள்ளே வைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அன்றைக்கு அது தெரியாது. வலுவான கம்பு இருந்தால் சில நிமிஷத்தில் வலைக்குள் வந்திருக்கும். என் இறகுக் கம்பால் அதன் தலையைத் திருப்பவே முடியவில்லை. அது ஓடும், நான் சுற்றுவேன், அது திரும்ப ஓடும். கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

நாற்பத்து நாலு அங்குலம். பெண் மீனாகத்தான் இருக்க வேண்டும், பெரிதாக வளர்வது பெண்தான். அந்த அளவு வளரப் பத்து வருஷம் போல ஆகும். முள்ளைக் கழற்றி, வால் பக்கம் பிடித்து, தண்ணீரிலேயே நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன். மீன் தானாக உதறிக்கொண்டு போக வேண்டும். அரை மணி நேரம் பிடித்திருந்தேன். கையை எடுத்தால் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினேன், மறுபடி சாய்ந்தது. பேரன், "தாத்தா, அது தூங்குதா?" என்று ஒரு தடவை கேட்டான். பிறகு கேட்கவில்லை. கரைக்கு வரும்வரை யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் காரில் ஏறும்போது, "பரவாயில்ல மாமா, நடக்கிறதுதான்" என்றார். எனக்குப் பரவாயில்லையாக இல்லை. சாப்பிடப் பிடித்த மீனுக்கு நான் என்றைக்கும் வருந்தியதில்லை. வம்பாகீரப்பாளையத்தில் வலை காயும் தெருவைத் தாண்டி நடந்து வளர்ந்தவன், எனக்கு அந்தச் சஞ்சலமெல்லாம் கிடையாது. இது விடுவதற்காகப் பிடித்த மீன். என் சிக்கனத்தால் செத்தது.

அடுத்த வருஷம்தான் நான் முதலில் சொன்ன கடை. அந்தப் பையன் என்னை முதலில் கேட்ட கேள்வி, "எந்த இரையை அதிகமா எறியப்போறீங்க?" அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஆனால் கேள்வி சரி. விலையையும் வயதையும் பிறகு பார்க்கலாம். முதலில் இரையின் எடை, அதற்கேற்ற கம்பு. நாலிலிருந்து பத்து அவுன்ஸ் வரை எழுதிய, எக்ஸ்ட்ரா ஹெவி, எட்டரை அடிக் கம்பு எடுத்துக் கொடுத்தான். தூக்கினால் பழையதைவிடக் கனம்தான். எறிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நீளக் கம்பு ஒரு நெம்புகோல். மேல் கையால் தள்ளி, கீழ்க் கையால் வயிற்றுப் பக்கம் இழுத்து, நிதானமாக ஒரு வட்டம் போட்டால் போதும், மீதியைக் கம்பு பார்த்துக்கொள்கிறது. தோளைச் சுண்டவே கூடாது. அடிப்பிடி நீளமாக இருப்பது இதற்காகத்தான், அதைக் குறைத்துச் செய்த கம்பை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, எட்டுப் போடுவது. நம் ஊரில் ஸ்கூட்டர் லைசென்சுக்கு எட்டுப் போட்டிருக்கிறோம் அல்லவா? மஸ்கி இரையின் பின்னாலேயே படகு வரை வந்து பார்த்துக்கொண்டு நிற்கும் குணம் உள்ளது. அப்போது கம்பு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, படகு ஓரத்திலேயே பெரிய எட்டாக இழுக்க வேண்டும். பல மீன் அந்த எட்டில்தான் கடிக்கிறது. நாலடி மீன் குறுகிய வளைவில் திரும்பாது. சின்னக் கம்பால் போடுகிற எட்டு பூஜ்யம் மாதிரி இருக்கும்.

ஒரு தலைமுறைக்கு முன் அங்கேயும் ஐந்தரை, ஆறடியில் உலக்கை போன்ற கம்புகள்தான் இருந்தனவாம். இன்று எட்டரையும் ஒன்பதும் சாதாரணம். பத்தடியும் விற்கிறார்கள். அது எனக்கு வேண்டாம், நான் ஐந்தடி நாலங்குலம். கட்டை இரையைக் கீழ்நோக்கி வெட்டி வெட்டி இழுக்கும்போது நீளக் கம்பின் நுனி தண்ணீரில் அடிக்கும். என் உயரத்துக்கு அந்த வேலைக்கு எட்டடிக்குள் இருப்பதே வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுழல் தகடு இரையிலும் ஒரு சூது இருக்கிறது. தராசில் மூன்று அவுன்ஸ்தான் காட்டும். தண்ணீரில் இழுத்தால் கிணற்று வாளி மாதிரி இருக்கும். அங்கே கம்பைவிட ரீல்தான் முக்கியம், மெதுவாகச் சுற்றும் பல்சக்கரம் உள்ளதாக வாங்க வேண்டும். நரம்பு எண்பது பவுண்டு பின்னல், அதன் நுனியில் பல்லுக்கு அறுபடாத தடித்த துண்டு. இதிலெல்லாம் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பெரிய வலையும், முள்ளையே துண்டாக்கும் கட்டரும் இல்லாமல் படகில் ஏறாதீர்கள்.

விலை? நூறு டாலரிலும் இருக்கிறது, ஐந்நூறுக்கு மேலும் இருக்கிறது. நான் முந்நூறில் நின்றேன். அதற்கு மேலே போனால் எடை கொஞ்சம் குறையும், பெருமை நிறையக் கூடும். பழைய ஏழடிக் கம்பை மகள் வீட்டுத் தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு நட்டு வைத்திருக்கிறாள்.

புதுக் கம்போடு மூன்று கோடை போயாயிற்று. தோள் வலி இல்லை என்று சொல்ல மாட்டேன், எழுபத்தாறு வயதுக்கு உள்ளது இருக்கிறது. இரண்டு மீன் வந்தன. இரண்டும் வாலை உதறி என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போயின.

வரும் ஜூனுக்கு டிக்கெட் போட்டாயிற்று. போன வாரம் மாப்பிள்ளை போனில், "மாமா, உங்க கம்பு பேஸ்மென்ட்ல பத்திரமா இருக்கு" என்றார். பின்னாலிருந்து மகள், பத்திரமாக இருப்பது கம்பு மட்டும்தான், பேரன் அதை ஹாலில் எடுத்து எட்டுப் போட்டுக் காட்டினதில் தொங்குவிளக்கு உடைந்துவிட்டது என்றாள். விளக்கு என்ன விலை என்று கேட்டேன். மூன்று கொட்டேஷன் வாங்கி வைக்கிறோம், வந்து பாருங்கள் என்றார்கள்.