மூலநிரலை மறைத்தல் முறையோ?

கல்வி கொடுக்கக் குறையாத செல்வம் என்பதை யாவரும் அறிவர். பொன்னைப் பகிர்ந்தாற் பங்கு சிறுக்கும். அறிவைப் பகிர்ந்தாலோ கொடுத்தவனிடத்தும் பெற்றவனிடத்தும் அது முழுதாய் நிற்கும். கணினியை இயக்கும் மென்பொருளும் இத்தன்மையதே. ஆயிரம் படிகள் எடுப்பினும் முதற்படி குறைவதில்லை. ஆயின், பிறர் ஆக்கிய மென்பொருளைப் பெற்றுத் திருத்தியவன் தன் திருத்தத்தையும் பிறர்க்குத் திறந்து கொடுக்கக் கடமைப்பட்டவனா? இவ்வினாவிற் கணினியறிஞர் இரு கட்சியாய் நிற்கின்றனர். எம் மாணவர் பலர் அத்துறையை நாடும் இக்காலத்தில் இதனை ஆராய்தல் பொருத்தமாகும். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என வினவுவாரும் உளர். வழக்குப் பொறியைப் பற்றியதாயினும் அதன் வேர் அறத்திலன்றோ உள்ளது!

மென்பொருளுக்கு இரு வடிவம் உண்டு. மனிதர் எழுதுவதும் வாசிப்பதும் மூலநிரல். பொறி ஏற்பது அதனின்றும் ஆக்கப்பட்ட இலக்க வடிவம். பின்னையதை மட்டும் பெற்றவன் அதனைப் பயன்படுத்தலாம். அதன் உள்ளியல்பை அறிதலும் குறை களைதலும் அவனுக்கு அரிது. இந்நிலையை மாற்றக் கருதிய அமெரிக்கரான றிச்சாட் ஸ்ரோல்மன், 1983 இல் குனூ என்னுந் திட்டத்தை அறிவித்தார். 1989 இல் பொதுமக்கள் உரிமம் ஒன்றை வெளியிட்டார். அதன்படி எவரும் மென்பொருளை இயக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், விலைக்கும் விற்கலாம். ஆயின் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குங்கால் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தின்கீழ் வழங்குதல் வேண்டும். திருத்தித் தானே பயன்படுத்துவோனிடம் அவ்வுரிமம் யாதும் கேட்பதில்லை. பின்லாந்து மாணவரான லீனஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் ஆக்கிய லினக்ஸ் என்னும் இயங்குதளக் கரு 1992 இல் இவ்வுரிமத்தின்கீழ் வந்தது.

எதிர்க்கட்சியார் கூற்றும் எளிதிற் றள்ளத்தக்கதன்று. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தார் தம் மென்பொருளை வழங்கியபோது, ஆக்கியோர் பெயரையும் உரிமக் குறிப்பையும் காக்க வேண்டும் என்பதற்கு மேல் அதிகம் கேட்டிலர். நிபந்தனையோடு கூடிய கொடை கொடையாகுமா என்பதும், மனமுவந்து கொடுப்பதே சிறப்பு என்பதும் இக்கட்சியார் வாதம். கட்டாயம் இன்மையாற் பல நிறுவனங்கள் அம்மென்பொருளைத் தயக்கமின்றி ஏற்றன என்பதும் மெய்யே.

எனினும் மனவிருப்பம் ஒன்றே போதுமா என்பதை ஒரு நிகழ்ச்சி கொண்டு நோக்குவோம். லிங்சிஸ் என்னும் நிறுவனம் வீடுகளைக் கம்பியின்றி இணையத்தோடு தொடுக்கும் ரூட்டர் கருவி ஒன்றை விற்றுவந்தது. அதனுள் லினக்ஸ் இருந்தமையும், மூலநிரல் வழங்கப்படாமையும் 2003 இல் வெளிப்பட்டன. நிரலறிஞர் உரிமத்தைச் சுட்டிக் கேட்டனர். லிங்சிசை அவ்வாண்டில் வாங்கிய சிஸ்கோ நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2004 இல் 'ஓப்பின் டபிள்யூ. ஆர். ரி.' என்னும் பொதுத்திட்டம் எழுந்தது. இன்று அது பல நிறுவனங்களின் கருவிகளில் இயங்குகின்றது. உற்பத்தியாளர் கைவிட்ட பழங்கருவிகளுக்கும் புத்துயிர் அளிக்கின்றது. உரிமத்தில் அவ்வொரு நிபந்தனை இல்லாதிருப்பின், அந்நிரலைக் கேட்கும் உரிமை எவர்க்கும் இருந்திராது. இவ்வுரிமம் செல்லும் என 2004 இல் ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றமும் வேறொரு வழக்கிற் றீர்ப்பளித்தது.

யாம் கருதுவது இது. கொடையில் மூவர் உளர்: ஆக்கியவன், திருத்தியவன், அவன் கையிற் பெறுபவன். எதிர்க்கட்சியார் இரண்டாமவன் சுதந்திரத்தை மட்டும் எண்ணுகின்றனர். பொதுமக்கள் உரிமம் மூன்றாமவனையும் எண்ணுகின்றது. தான் திறந்த வாயிலால் நுழைந்தவன் பின்வருவோர்க்கு அதனை அடைத்தல் நீதியாகாது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார். மூலமும் உரையும் எல்லார் கண்முன்னும் இருந்தமையாலன்றோ, பின்வந்த அனந்தராமையர் அந்நூலை மேலுந் திருத்தமுறப் பதிப்பிக்க இயன்றது! மூலத்தை ஒளித்து உரையை மட்டும் வழங்கியிருப்பின் பிழை களையும் வழியே அடைபட்டிருக்கும். ஆதலின் திருத்தத்தை வழங்குவோன் மூலத்தையும் வழங்குதல் கடமை என்பதே எமது துணிபு.

மாணவர்காள்! பிறர் நிரலை எடுத்தாளுமுன் அதன் உரிமத்தை வாசியுங்கள். ஆக்கியோர் பெயரை அழியாதீர்கள். திருத்தியதை வழங்கும்போது திறந்து வழங்குங்கள். தொழில் நிலையங்களை நடத்தும் பழைய மாணவராகிய பெரியோரும், இக்கடமையைச் செலவென எண்ணாது, பட்ட கடனைத் தீர்த்தலாகக் கொள்வாராக. நீங்கள் இன்று பெறும் நிரலை, முன்பு எவரோ மறைக்காமல் விட்டமையாலேயே பெற்றீர்கள்.