ஏக்கத்தின் விலை பத்தொன்பதரை டாலர்

“இப்போதெல்லாம் இப்படி யார் செய்கிறார்கள்?” பழுதான பழைய மீன்பிடி ரீலைத் தூக்கிக்கொண்டு என் கராஜுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நான் இருப்பது அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில். கேட்பவர்களுக்குப் பதில் தேவையில்லை, ஒரு பெருமூச்சு விட்டால் போதும். ஆனால் நான் திருச்சியில் டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே வந்து, பற்சக்கரம் செய்யும் பட்டறையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவள். முன்னால் வைத்த எதையும் அளந்து பார்த்தே பழகிவிட்டது. அளந்து பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில் அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை: அப்படிச் செய்ய இன்றைக்கும் ஆள் உண்டு, அந்த விலையைக் கொடுக்கத்தான் ஆளைக் காணோம்.

அவர்கள் கொண்டுவருவது ஸ்பின்காஸ்ட் என்ற வகை. கைக்குள் அடங்கும் பொருள். முன்பக்கம் கூம்பு வடிவ மூடி, அதன் நுனியில் சிறு துளை, பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான், பக்கவாட்டில் கைப்பிடி. பொத்தானை அழுத்திப் பிடித்தால் உள்ளே தூண்டில் நரம்பு கவ்வப்பட்டு நிற்கும். கோலை வீசும்போது விரலை எடுத்தால் துளை வழியே நரம்பு பறக்கும். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு சிறு முளை வெளியே தலைநீட்டி, நரம்பைக் கொக்கியாகப் பிடித்து, அசையாமல் நிற்கும் உருளையின்மேல் சுற்றிவிடும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம். ஆறு வயதுப் பிள்ளையைக் குளக்கரையில் நிறுத்தி, சாப்பாட்டு நேரத்துக்குள் கற்றுக்கொடுத்துவிடலாம்.

அதற்கு முந்தைய அமெரிக்க ரீல்களில் உருளையே சுழலும். இரை தண்ணீரில் விழுந்த பிறகும் உருளை நிற்காமல் சுழன்றால் நரம்பு பொங்கி வழிந்து சிக்காகிவிடும். கட்டைவிரலால் பதமாகத் தடவி அதை நிறுத்தத் தெரிய வேண்டும். தெரியாதவர்கள் கரையில் உட்கார்ந்து சிக்கெடுக்க வேண்டியதுதான். உருளை சுழலாத ரீலுக்கு இங்கிலாந்தின் ஜவுளி ஆலைக்காரரான ஆல்ஃப்ரட் இல்லிங்வொர்த் 1905இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது திறந்த ரீல். அதற்கும் விரல் பழக்கம் வேண்டும். அசையாத உருளையை மூடிக்குள் வைத்து, எல்லா வேலையையும் ஒரே பொத்தானுக்குக் கொடுத்தபோதுதான் தூண்டில் வீசுவது பழக்கமில்லாத கைகளுக்கும் வசப்பட்டது. பிள்ளைகளுக்கு மட்டுமா? முடக்குவாதத்தில் விரல் மடங்காத என் பக்கத்து வீட்டு அம்மாவும் கெளுத்தி பிடிப்பது இந்தப் பொத்தானை நம்பித்தான். கை தேர்ந்தவர்கள் இதைச் ‘சின்னப்பிள்ளை ரீல்’ என்று கேலி செய்வார்கள். வீச்சு தூரம் குறைவு, நரம்பு அதிகம் கொள்ளாது, மூடிக்குள் மணலும் ஈரமும் தங்கும். அவர்கள் சொல்லும் குறைகள் எல்லாம் உண்மை. ஆனாலும் அமெரிக்காவில் முதல் மீனை இந்த ரீலில் பிடித்த கூட்டம் மிகப் பெரியது.

இந்த ரீலின் கதை நடந்தது என் ஊரிலேயே. டெக்சாஸ் மாநிலத்தின் ரோட்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளி ஆர். டி. ஹல். கடையில் பொட்டலம் கட்டுகிறவர், அசையாத கண்டிலிருந்து கயிற்றைச் சிக்கில்லாமல் உருவி எடுப்பதைப் பார்த்ததில் அவருக்கு யோசனை பிறந்தது. செய்துபார்த்த மாதிரியோடு 1947இல் டல்சாவுக்கு வந்தார். அவர் கதவைத் தட்டிய நிறுவனத்தின் பெயர் ஜீரோ ஹவர் பாம்ப் கம்பெனி. 1932இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கி வெடிக்கவைக்கும் மின்சார நேரக்குண்டுகளைச் செய்துவந்தது. அதன் காப்புரிமைகள் 1948இல் காலாவதியாக இருந்தன. வேறு பிழைப்பு தேடிக்கொண்டிருந்த முதலாளிகளும் வேறு ரீல் வைத்திருந்த கடிகாரக்காரரும் சரியான நேரத்தில் சந்தித்தார்கள். 1949இல் முதல் ரீல் வெளிவந்தது. 1954இல் வந்தது ‘33’ என்ற மாடல். 1956இல் கம்பெனி தன் பழைய பெயரைச் சுருக்கி ஜெப்கோ என்று வைத்துக்கொண்டது. அதிபர் ஐசனோவருக்கு அனுப்பிய ரீல் பொட்டலத்தின் மேல் ‘பாம்ப் கம்பெனி’ என்ற பெயரைப் பார்த்த பாதுகாவலர்கள் அதைத் தண்ணீரில் முக்கிவிட்டார்கள், பெயர் மாறியது அதனால்தான் என்று ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இனி விலைக்கு வருகிறேன். 1954இல் ஜெப்கோ 33இன் விலை பத்தொன்பதரை டாலர். அப்போது அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். ஒரு ரீல் வாங்க ஒரு தொழிலாளி 26 மணி நேரம் உழைக்க வேண்டும். மூன்று நாளுக்கும் மேலான கூலி. இன்று கடையில் சாதாரண ஸ்பின்காஸ்ட் ரீல் இருபது முப்பது டாலருக்குள் கிடைக்கிறது. மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு ஏழேகால் டாலர். அந்த அற்பக் கூலியிலேயே மூன்று நான்கு மணி நேரத்தில் ரீல் கைக்கு வந்துவிடும். அன்றைய பத்தொன்பதரை டாலர் இன்றைய பணத்தில் இருநூறு டாலரைத் தாண்டும். விலைச்சீட்டில் இருக்கும் எண் எழுபது ஆண்டுகளில் ஏறக்குறைய அசையவே இல்லை. எண்ணை அசையவிடாமல் வைத்திருக்க, உள்ளே இருந்த எல்லாவற்றையும் அசைத்தாக வேண்டியிருந்தது.

போன வசந்தத்தில் எண்ணெய் வயலில் பம்ப் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் தன் அப்பாவின் 33ஐக் கொண்டுவந்தார். எவர்சில்வர் மூடி, உலோகப் பாதம். கைப்பிடி சுற்றவில்லை. மூடியைத் திருகிக் கழற்றினேன். பல வருஷத்துக் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்ததும் பற்கள் தெரிந்தன. நரம்பைப் பிடிக்கும் முளையில் மட்டும் மயிரிழைப் பள்ளம் விழுந்திருந்தது. என்னிடம் கிடந்த செத்துப்போன இன்னொரு 33இலிருந்து முளையை எடுத்துப் போட்டேன். புது நரம்பு சுற்றிக் கொடுத்தபோது அவர் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டார். “இதே தரத்தில் இருநூறு டாலருக்குப் புதுசு வந்தால் பேரனுக்கு வாங்கிக் கொடுப்பீர்களா?” என்றேன். “இருநூறா? அந்தக் காசுக்குப் பத்து ரீல் வாங்கலாமே, அம்மா!” என்று சிரித்தார். அவருடைய அப்பா மூன்று நாள் கூலியைக் கொடுத்து வாங்கிய பொருள் அவர் மடியில் இருந்தது.

பழைய ரீலைப் பற்றிய புகழ்ச்சியிலும் கொஞ்சம் கழிக்க வேண்டியிருக்கிறது. என் மேஜைக்கு வருவது தப்பிப் பிழைத்த ரீல்கள் மட்டுமே. ஏரியில் விழுந்தவை, துருவேறிக் குப்பைக்குப் போனவை எதுவும் என்னிடம் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. பிழைத்தவற்றை வைத்துக்கொண்டு அந்தக் காலத்துச் சரக்கு எல்லாமே உறுதி என்று தீர்ப்பு எழுதினால், என் பழைய மேலாளர் அந்த அறிக்கையைக் கிழித்தே போட்டிருப்பார். பிரித்துப் பார்க்கும்போது பிசிறு நீக்காத விளிம்புகளையும் தாராளமாக ஆடும் அச்சுகளையும் நிறையவே பார்க்கிறேன். அன்றைக்கும் மலிவு ரகம் இருந்தது. 33ஐச் செய்த அதே கம்பெனிதான் எளிய 202ஐயும் செய்தது. இன்றைய நல்ல ஸ்பின்காஸ்ட் ரீல்களில் இருக்கும் பால் பேரிங்கும் வேகமும் அன்றைய ரீல்களில் கிடையாது.

‘எல்லாம் சீனாவுக்குப் போனதால் வந்த வினை’ என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. ஜெப்கோவை 1961இல் பிரன்ஸ்விக் நிறுவனம் வாங்கியது, 2001இல் டபிள்யூ. சி. பிராட்லி கம்பெனி வாங்கியது. தயாரிப்பும் சீனாவுக்குப் போனது. டல்சாவில் அதனால் வேலை இழந்தவர்களின் கோபம் எனக்குப் புரியும், நானும் பட்டறைக்காரிதான். ஆனால் பட்டறையில் கற்ற பாடம் ஒன்று உண்டு: வரைபடத்தில் என்ன கேட்கிறோமோ அதுதான் கிடைக்கும். உலோகம் கேட்டால் உலோகம், பிளாஸ்டிக் கேட்டால் பிளாஸ்டிக். சீனத்துத் தொழிலாளி தானாக எதையும் மெலியவைக்கவில்லை. இருபது டாலருக்கு மேல் ஒரு சென்ட்டும் தரமாட்டோம் என்று கடைவாசலில் நின்று சொன்னது நாம்.

அப்படியானால் பழைய விலை எதை வாங்கித் தந்தது? பெரும்பாலானவர்கள் ‘உறுதி’ என்பார்கள். என் பதில், பிரித்து மாட்டும் வசதி. அன்று பொருளின் விலை அதிகம், பழுதுபார்ப்பவரின் கூலி அதைவிடக் குறைவு. அதனால் கடைகளே பழுதுபார்த்துக் கொடுத்தன, உதிரிபாகமும் விற்றன. ஜெப்கோ மட்டுமல்ல, மினசோட்டாவின் மன்கேட்டோ ஊரில் செய்த ஜான்சன் ரீலும், கலமாஸூ ஊரின் ஷேக்ஸ்பியர் ரீலும், ஸ்வீடனிலிருந்து வந்த ஆபுமாட்டிக்கும் திருகாணியைக் கழற்றினால் மனிதக் கைக்கு விளங்கும் பொருள்களாகவே இருந்தன. இன்று இருபது டாலர் ரீலைப் பிரிக்க ஒருவர் ஒரு மணி நேரம் செலவழித்தால் அவர் கூலியே புது ரீலின் விலையைத் தாண்டிவிடும். பழுதுபார்ப்பவர் மறைந்துபோனதற்குச் சோம்பேறித்தனம் காரணமல்ல, இந்தக் கூட்டல் கழித்தல்தான் காரணம். பழுதுபார்ப்பவர் போன பிறகு திருகாணிக்கு வேலை இல்லை. அது இருந்த இடத்தில் பசை வந்து உட்கார்ந்துகொண்டது.

விலைக்குள் இன்னொன்றும் இருந்தது. 1950இல் வந்த டிங்கல்–ஜான்சன் சட்டம், மீன்பிடிக் கருவிகளின்மேல் தயாரிப்பாளர் கட்டும் பத்து சதவீத வரியை மாநிலங்களின் மீன்வளப் பணிக்கே ஒதுக்கியது. மீன்குஞ்சு விடுவதற்கும், நீர்நிலையைக் காப்பதற்கும் அந்தப் பணம் போனது. பின்னாளில் படகுத்துறை கட்டவும் போனது. சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மூன்று நாள் கூலி கொடுத்து ரீல் வாங்கிய தாத்தாக்கள், பேரன் மீன் பிடிக்கப்போகும் ஏரிக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். பழைய ரீலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறவர்களிடம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். சேகரிப்பாளர்கள் சந்தையில், டப்பாவை விட்டு வெளியே வராத ரீலுக்குக் கிராக்கி அதிகம். நாற்பது வருஷம் மீன் பிடித்துத் தேய்ந்த ரீலைக் கழிவு என்று ஒதுக்குகிறார்கள். உழைக்காத ஒன்றுக்கு உழைத்ததைவிட மதிப்பு என்றால், நாம் மதிப்பது ரீலையா, டப்பாவையா?

‘மலிவு ரீல் வந்ததால்தானே ஏழைப் பிள்ளையும் தூண்டில் போடுகிறது’ என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். 26 மணி நேரக் கூலி எல்லார் வீட்டிலும் மிச்சமிருக்கவில்லை. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருபது டாலர் ரீல் இருக்கட்டும். அதற்கும் வாழ்நாள் ரீலுக்கும் நடுவில், பிரிக்க முடிந்த, உதிரி கிடைக்கிற ஒரு ரகம் வேண்டும். தேய்வது பெரும்பாலும் அந்த முளை மாதிரி ஓரிரு பாகங்கள்தான். அவற்றை உறையில் போட்டு, ஒரு பக்க வரைபடத்தோடு டப்பாவுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தால் விலை எவ்வளவு கூடிவிடும்? அப்போது மேஜையில் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பழுதுபார்க்கலாம். கூலிக் கணக்கே எழாது.

ஜான்சன் ரீல் பிறந்த அதே மினசோட்டா 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: மின்னணுச் சாதனங்களைச் செய்கிறவர்கள் உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்புக் குறிப்புகளையும் வெளியாருக்கும் கொடுக்க வேண்டும். செல்பேசிக்குச் சட்டம் கிடைத்துவிட்டது. ரீலுக்கெல்லாம் யாரும் சட்டம் போடப் போவதில்லை, போடவும் வேண்டாம். இந்தச் சின்னப் பொருள்களைத் திருத்தும் அதிகாரம் வாங்குகிறவரின் கையில்தான் இருக்கிறது.

எனவே, பழைய நாளை நினைத்து உருகும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேரப்பிள்ளைக்கு ரீல் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இதைப் பிரிக்க முடியுமா, உதிரி கிடைக்குமா? ஆமாம் என்றால் கூடுதல் விலையை முகம் சுளிக்காமல் கொடுங்கள். இல்லை என்றால் வாங்காமல் திரும்பி வாருங்கள். தலைமுறை தலைமுறையாக நீங்கள் விட்ட பெருமூச்சு எந்தக் கம்பெனியின் காதிலும் விழவில்லை. விற்காமல் தேங்கும் சரக்கின் கணக்கு ஒரே காலாண்டில் விழும்.